அத்தையின் கைநாட்டு



அலங்காநல்லூர்னா எல்லாரும் வாடிவாசலைப் பேசுவாங்க. நான் வயலைப் பேசுறேன். பெரியாறு வாய்க்கால் பாசனத்தில் எங்க தாத்தா கூலி வேலை பார்த்து வாங்கினது முக்கால் ஏக்கர். அவர் செத்ததும் அப்பாவும் சித்தப்பாவும் கோர்ட்டுக்குப் போனாங்க. பதினோரு வருஷம். வாய்தாவுக்கு வாய்தா மதுரைக்கு பஸ் ஏறினாங்க. ஒரு விஷயத்தில் மட்டும் ரெண்டு பேரும் ஒத்துமை: அத்தைக்குப் பங்கு கிடையாது. ஒரு சேலையும் ஐநூறு ரூபாயும் கொடுத்துக் கைநாட்டு வாங்கிட்டாங்க. அந்தப் பத்திரத்துக்குப் பேர் விடுதலைப் பத்திரம்! மேடையில் நாம் கேட்கிற விடுதலை ஒன்று, ரிஜிஸ்தர் ஆபீசில் நம் பெண்களிடம் எழுதி வாங்குகிற விடுதலை இன்னொன்று.

நாம் இந்துவா என்ற சண்டை தனி. கோர்ட் நம்மில் பலரையும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில்தான் வைத்திருக்கிறது. உயில் எழுதாமல் செத்த தகப்பனின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகளுக்கும் சமபங்கு என்று 1956-லேயே அது சொல்லிவிட்டது. பூர்வீகச் சொத்தில் 1989-ல் தமிழ்நாடு உரிமை தந்தது. அதற்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 2005 மத்தியச் சட்டத் திருத்தம்தான் அந்த வேலியைப் பிடுங்கியது.

வக்கீல் பீஸுக்கு எங்கே போக? பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரவேண்டும் என்பது 1987 சட்டம். மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்தால் கோர்ட்டில் கட்டிய பீஸ் திரும்ப வரும், அப்பீலும் கிடையாது. அதனாலேயே சொல்றேன், அங்கே அண்ணன் தம்பி மட்டும் போகாதீங்க. அக்கா தங்கச்சியையும் கூட்டிப்போய் உட்கார வைங்க.

இதை அப்பாகிட்ட சொன்னேன். "அவதான் கைநாட்டு வச்சிட்டாளே"ன்னார். அத்தை பக்கத்துலதான் இருந்துச்சு. "அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு யாருண்ணே வாசிச்சுக் காட்டினா?"ன்னு கேட்டுச்சு.