அச்சமும் மூளையும்



அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நம் முன்னோர் மொழி. அச்சம் கண்ணை மாத்திரமன்று, மூளையையும் உடம்பையுமே மாற்றிவிடும் என்று விஞ்ஞானம் காட்டியிருக்கின்றது. அவ்வாறு காட்டியோருள் ஒருவரான அமெரிக்க நரம்பியல் அறிஞர் றொபேட் சபோல்ஸ்கியின் ஆராய்ச்சியைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றேன்.

முதலில் உடம்பில் நிகழ்வது யாதெனப் பார்ப்போம். வழியிலே பாம்பொன்றைக் கண்டு திடுக்கிடுகின்றோம். உடனே மூளை கட்டளையிடுகின்றது. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள சுரப்பிகள் அட்றினலின், கோட்டிசோல் என்னும் ஓமோன்களை இரத்தத்திற் கலக்கின்றன. நெஞ்சு விரைந்து அடிக்கின்றது, இரத்தத்திற் சர்க்கரை ஏறுகின்றது, சமிபாடு தடைப்படுகின்றது. ஓடித் தப்புவதற்கு இவையெல்லாம் வேண்டியனவே. பாம்பு அகன்றதும் உடம்பு பழைய நிலையை அடைகின்றது.

ஆனால் மனிதனோ பாம்பில்லாத இடத்திலும் அஞ்சுகின்றான். வரப்போகும் பரீட்சை, தீராத கடன், மேலதிகாரியின் கடுஞ்சொல் ஆகியவற்றை நினைந்து நினைந்து, மாதக்கணக்காக அதே ஓமோன்களைச் சுரக்கச் செய்கின்றான். உயிர் காக்க வந்ததே நஞ்சாகின்றது. இரத்த அமுக்கம் ஏறுகின்றது; நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றுகின்றது.

மூளைக்கும் கேடுண்டு. 1968ஆம் ஆண்டில், நியூயோர்க் றொக்பெல்லர் பல்கலைக்கழகத்துப் புறூஸ் மக்கியூவன் என்பவர், இவ்வகை ஓமோன் எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியிற் சென்று தங்குவதைக் கண்டார். நினைவுக்கு இன்றியமையாத பகுதி அது. அவரிடம் பயின்றவரே சபோல்ஸ்கி. அந்த ஓமோன் நெடுங்காலம் மிகுந்து நிற்பின் எலியின் அப்பகுதியிலுள்ள நரம்புக் கலங்கள் நலிகின்றன என்று அவர் தம் ஆய்வுகளிற் காட்டினார்.

ஆய்வுகூடத்து எலிகளோடு அவர் அமைந்துவிடவில்லை. 1978ஆம் ஆண்டு தொடங்கிப் பல ஆண்டுகள் கென்யா நாட்டுப் புல்வெளிகளுக்குச் சென்று, பபூன் என்னும் நாய்முகக் குரங்குகளிடையே வாழ்ந்தார். ஊதுகுழலால் மயக்க ஊசி எய்து, அவற்றின் இரத்தத்தை எடுத்துச் சோதித்தார். வலியவை மெலியவற்றை ஓயாது வருத்தும் கூட்டம் அது. அங்கே தாழ்ந்த நிலையிலுள்ள ஆண்குரங்குகளின் இரத்தத்தில் அந்த ஓமோன் எப்பொழுதும் மிகுந்திருந்தது. தோழமையோடு பழகிய குரங்குகளிலோ அது குறைந்திருந்தது.

பின்னர் நடந்தது வியப்பானது. அவர் ஆராய்ந்த கூட்டமொன்றின் முரட்டு ஆண்கள், அயலிலிருந்த உல்லாசப் பயணிகள் விடுதியின் குப்பைமேட்டிற்குச் சென்று, அங்குள்ள குரங்குகளோடு போராடி உணவு கவர்ந்து வந்தன. 1983ஆம் ஆண்டிற்கும் 1986ஆம் ஆண்டிற்கும் இடையில், அங்கே கிடந்த நோயுற்ற இறைச்சியால் சயரோகம் கண்டு அம்முரடர் யாவும் மாண்டன. எஞ்சியவை பெண்குரங்குகளும் சாதுவான ஆண்களுமே. கூட்டத்திற் சண்டை குறைந்தது.

பபூன் ஆண்கள் பருவமெய்தியதும் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்திற் சேர்பவை. 1993ஆம் ஆண்டளவில் அக்கூட்டத்தில் இருந்த வளர்ந்த ஆண்கள் யாவும் பின்னர் வந்து சேர்ந்தவையே. ஆயினும் அமைதி குலையவில்லை. வந்தவையும் அவ்வொழுக்கத்தையே பழகிக்கொண்டன. தாழ்ந்த நிலையிலுள்ளவற்றின் உடம்பிலும் முன்போல் அச்சத்தின் அறிகுறிகள் காணப்படவில்லை. இதனைச் சபோல்ஸ்கியும் லீசா ஷேர் என்பவரும் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். புதியவற்றை அங்கிருந்த பெண்குரங்குகள் விரைவில் அன்போடு ஏற்றமையும் இதற்குக் காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து.

மனிதன் குரங்கல்லன் என்று நீங்கள் கூறலாம். உண்மையே. ஆனால் அதே ஓமோன் நம் இரத்தத்திலும் ஓடுகின்றது. மூத்தோன் இளையோனை வெருட்டுவது இயற்கை என்றும், நாம் பட்டதை அவனும் படட்டும் என்றும் சொல்வோர் நம்மிடையே இல்லையா? குரங்குக் கூட்டமே தன் வழக்கத்தை ஒரு தலைமுறைக்குள் மாற்றிக்கொள்ளுமாயின், நமக்கு அந்தச் சாட்டு எங்ஙனம் பொருந்தும்?

அன்பர்களே, நாளை இச்சங்கத்தின் வாயிலில் ஓர் இளைஞன் புதிதாக வந்து கூச்சத்தோடு நிற்பான். நாம் அவனிடம் பேசும் முதற்சொல் அவன் காதோடு நில்லாது. மூளைக்கும் நெஞ்சுக்கும் செல்லும். இன்சொல்லே பேசுவோமாக.