ஊர்க் கணக்கும் நம் கணக்குத்தான்



அறுவடை முடிந்ததும் களத்து மேட்டில் என்ன செய்கிறோம்? எத்தனை மூட்டை கண்டது, ஆள்கூலி எவ்வளவு, உரத்துக்கு எவ்வளவு என்று ஒன்றுவிடாமல் கணக்குப் பார்க்கிறோம். ஊர்ப் பொதுப்பணத்துக்கும் அப்படிக் கணக்குப் பார்க்க ஓர் இடம் உண்டு. அதுதான் கிராம சபை.

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஆண், பெண் அனைவரும் அதன் உறுப்பினர்களே. நம் மாநிலத்தில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் சபை கூடும். 2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்க்கப்பட்டன. ஊராட்சியின் வரவு செலவும், நடக்கிற வேலைகளும் அங்கே மக்கள் முன் வைக்கப்பட வேண்டும்.

ஆனால், "நமக்கெதுக்கு வம்பு? தலைவர் பாத்துக்குவாரு"ன்னு ஒதுங்கிவிடுகிறவர்கள் உண்டு. பதிவேடு வீடு தேடி வந்தால், படிக்காமலே கையெழுத்துப் போடுகிறவர்களும் உண்டு. பிறகு வாய்க்காலில் தூர் வாரவில்லை என்று சொன்னால், "நீங்கதானே ஒப்புக்கிட்டீங்க" என்று அந்தக் கையெழுத்தையே காட்டுவார்கள்.

கேட்டால் என்ன நடக்கும்? ராஜஸ்தானில் கோட் கிரானா என்ற ஊரில் 1994 டிசம்பரில் கூலி வேலை செய்யும் மக்கள் கூடினார்கள். கூலிப் பட்டியலை எல்லார் முன்னாலும் உரக்கப் படிக்கச் செய்தார்கள். வேலைக்கே போகாதவர் பேரில் கூலி எழுதியிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. இப்படிக் கேட்கத் தொடங்கியவர்கள் 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். அந்தப் போராட்டங்களின் பலனாகவும் வந்ததே 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம்.

அந்தச் சட்டத்தை நீங்களும் பயன்படுத்தலாம். வெள்ளைத் தாளில், பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி எழுதுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. வேலையின் மதிப்பீடு, அளவுப் புத்தகம், கொடுத்த தொகை ஆகியவற்றின் நகல் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

நகல் கைக்கு வந்ததும் நாலு பேர் சேர்ந்து, நாடாவோடு வாய்க்காலுக்குப் போங்க. நீளம், அகலம், ஆழம் அளந்து பாருங்க. புத்தகத்தில் உள்ளதும் தரையில் உள்ளதும் ஒத்துப்போனால் சந்தோஷம். ஒத்துப்போகாவிட்டால், கோபப்படாமல் சபையில் எழுந்து கேளுங்கள். கேட்டதும் பதிலும் தீர்மானத்தில் ஏறியதா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

கடைமடைக்குத் தண்ணீர் வரணும்னா, கணக்கும் கடைமடை வரைக்கும் வரணும். வீட்டுப் பெண்களையும் அழைத்துக்கொண்டு அடுத்த கிராம சபைக்குப் போங்கள்.