மேலங்கி வேண்டாத வகுப்பறை

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகம் ஒன்றின் வெள்ளி விழாவில் எதனைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணியபோது, இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஸ்காட்லாந்து நாட்டில் வாழ்ந்த ஓர் ஆசிரியரின் நினைவே முந்தி நின்றது. அவர் பெயர் ஜான் ஆண்டர்சன். நம் பாடநூல்களில் அப்பெயரைக் காண்பது அரிது. ஆயினும், உழைக்கும் மக்களிடம் அறிவியல் சென்றடைந்த வரலாற்றை எழுதுவோர் அவரை விட்டுவிட்டு எழுத இயலாது.

1726ஆம் ஆண்டு ரோஸ்னீத் என்னும் சிற்றூரில், சமயப் போதகர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். இளமையில் தந்தையை இழந்து, ஸ்டர்லிங் நகரில் உறவினர் ஆதரவில் வளர்ந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் முதலில் கீழ்த்திசை மொழிகளின் பேராசிரியராகவும், 1757 முதல் தம் இறுதி நாள் வரை இயற்பியல் பேராசிரியராகவும் விளங்கினார். சொல்லி விளக்குவதோடு நில்லாமல், செய்து காட்டியே கற்பித்தார். வெடியும் ஒளியும் நிறைந்த அவருடைய சோதனைகளைக் கண்ட மாணவர்கள், 'குதூகல ஜாக் பாஸ்பரஸ்' என்று அவருக்குப் பட்டப் பெயர் சூட்டினர். 1786இல் அவர் வெளியிட்ட இயற்பியல் நூல் பத்தாண்டுகளுக்குள் ஐந்து பதிப்புகளைக் கண்டது.

அக்காலத்தில் கிளாஸ்கோ மாணவர்கள் செந்நிற மேலங்கி அணிந்தே வகுப்புக்கு வருவர். அவ்வங்கி படிப்பின் அடையாளம் மட்டுமன்று. உள்ளிருப்பவர் யார், வெளியே நிற்பவர் யார் என்று பிரித்துக் காட்டிய வேலியும் அதுவே. ஆண்டர்சன் வாரம் இருமுறை வேறொரு வகுப்பை நடத்தினார். அதற்கு மேலங்கி வேண்டுவதில்லை. பட்டறையிலிருந்து வரும் தொழிலாளி தன் வேலை உடையிலேயே வந்து அமரலாம். 'அங்கி மறுப்பு வகுப்பு' என்றே அது வழங்கப்பெற்றது. ஆண்டர்சன் தாமும் பட்டறைகளுக்குச் சென்று, கைவினைஞர் தொழில் செய்யும் முறைகளைக் கண்டறிந்தார். கொடுக்கும் இடத்திலேயே கொள்ளவும் தெரிந்தவர் அவர்.

இதனால் விளைந்த பயனுக்கு ஒரு சான்று கூறுவேன். அவருடைய வகுப்புக்குரிய நியூகோமன் நீராவி இயந்திரத்தின் மாதிரி பழுதுற்றிருந்தது. 1763-64இல் அதனைச் செப்பனிடும் பணி, பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்து வந்த ஜேம்ஸ் வாட்டிடம் வந்தது. ஒவ்வோர் அடிக்கும் உருளையைக் காய்ச்சுவதும் மீண்டும் குளிர்விப்பதுமாக நீராவியின் பெரும்பகுதி வீணாவதை வாட் கண்டார். நீராவியைத் தனிக் கலத்தில் குளிர்வித்தால் உருளை எப்போதும் சூடாகவே இருக்கும் என்று 1765இல் தெளிந்தார். தொழிற்புரட்சியை உந்திச் சென்ற இயந்திரம் இவ்வாறு பிறந்தது. வாட் அங்கே பட்டம் பயின்றவரல்லர். கைத்தொழில் வல்லவர் என்பதை இளைஞர்கள் மறவாதிருக்க வேண்டும்.

ஆண்டர்சன் குறையற்றவர் என்று நான் கூறமாட்டேன். எளிதில் சினங்கொள்பவர், உடன் பணியாற்றியோருடன் நெடுங்காலம் வழக்காடியவர். ஆனால் அந்த மனக்கசப்பு பயனற்றுப் போகவில்லை. 1795ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அவர் எழுதிய உயிலில், தம் உடைமைகளைக் கொண்டு புதியதொரு பல்கலைக்கழகம் அமைக்குமாறு பணித்தார். அதனை நடத்த 81 பொறுப்பாளர்களை நியமித்தார். பெண்களுக்கும் அங்கே அறிவியல் கற்பிக்கப்பட வேண்டும் என்று விரும்பினார்.

1796 சனவரியில் அவர் மறைந்தார். அவர் விட்டுச் சென்றவை பெரும்பாலும் நூல்களும் கருவிகளுமே. பணமோ மிகக் குறைவு. பொறுப்பாளர்கள் கைவிட்டிருந்தால் உயில் வெறும் தாளாகவே போயிருக்கும். அவர்கள் கைவிடவில்லை. அவ்வாண்டே தாமஸ் கார்னெட் என்னும் ஒரே ஆசிரியரைக் கொண்டு பாடங்களைத் தொடங்கினர்.

அவருக்குப் பின் வந்தவர் ஜார்ஜ் பர்க்பெக். சோதனைக் கருவி ஒன்றைச் செய்விக்கப் பட்டறைக்குச் சென்றபோது, தொழிலாளர் அவரைச் சூழ்ந்துகொண்டு அதன் இயக்கத்தைப் பற்றி வினவினர். அவர்களுடைய அறிவு வேட்கையைக் கண்ட பர்க்பெக், 1800இல் அவர்களுக்கெனக் கட்டணமின்றி வகுப்புத் தொடங்கினார். முதல் நாள் வந்தோர் 75 பேர். நான்காம் பாடத்திற்கு வந்தோர் 500 பேர். 1823இல், நூலகம் முதலியவற்றை நிருவகிக்கும் உரிமை குறித்துப் பிணக்கு எழவே, தொழிலாளர்கள் பிரிந்து சென்று தங்களுக்கெனத் தனி நிறுவனமே கண்டனர். பிறர் திறந்த வாயிலில் நுழைந்தவர்கள், தங்கள் வீட்டைத் தாங்களே ஆளும் தகுதி பெற்றனர்.

ஆண்டர்சன் நிறுவனத்தில் பயின்றோருள் இருவரை மட்டும் குறிப்பிடுவேன். டேவிட் லிவிங்ஸ்டன் பத்து வயதில் பஞ்சாலைக்குச் சென்றவர். காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை வேலை. நூற்கும் பொறியின்மீது புத்தகத்தை வைத்து, கடந்து செல்லும்போதெல்லாம் ஒவ்வொரு வாக்கியமாகப் படித்தார். ஆலையில் ஈட்டிய கூலியைக் கொண்டு 1836இல் அங்கே மருத்துவம் பயிலத் தொடங்கினார். மற்றவர் ஜேம்ஸ் யங், தச்சரின் மகன். மாலை வகுப்பில் வேதியியல் கற்றார். பாரபின் எண்ணெய்த் தொழிலால் பெருஞ்செல்வரான பின்னரும் தாம் படித்த இடத்தை மறந்தாரில்லை. அந்நிறுவனத்தின் தலைவராக இருந்து, தொழில்நுட்ப வேதியியலுக்குப் பேராசிரியர் பதவி ஒன்றைத் தம் பொருளால் ஏற்படுத்தினார். அந்நிறுவனமே பல பெயர் மாற்றங்களைக் கடந்து, 1964இல் ஸ்டிராத்கிளைட் பல்கலைக்கழகமாயிற்று.

இளைஞர்களே! ஓர் ஆசிரியர் வாயிலைத் திறந்தார். பொறுப்பாளர்கள் அதனை மூடாமற் காத்தனர். கற்றவர்கள் திரும்பி வந்து உதவினர். இம்மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அப்பல்கலைக்கழகம் இல்லை. முதலிரண்டு கடமைகளையும் உங்கள் முன்னோர் இருபத்தைந்து ஆண்டுகளாக ஆற்றியுள்ளனர். மூன்றாவது கடமை உங்களுடையது. இக்கழகத்தின் உதவியால் படித்து வேலையில் அமர்ந்திருப்போர் வாரத்தில் ஒரு மாலைப் பொழுதையேனும் இங்கு வரும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். வேலை முடிந்த உடையிலேயே வாருங்கள். அதுவே இவ்விடத்திற்குப் பொருத்தமான உடை.