முதல் விளக்கு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



2005ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவருக்கென்றே தோன்றியது ஆர்டுயினோ என்னும் சிறு மின்பலகை. கணினியில் எழுதிய கட்டளைகளை அதில் ஏற்றினால் விளக்கையோ மோட்டாரையோ அது தானே இயக்கும். இதனைப் பழகப் புகுவோருட் சிலர் முதல் நாளிலேயே மனமுடைந்து விடுகின்றனர். பலவேளை காரணம் அறிவுக்குறைவன்று, யூஎஸ்பி வயரே! கைத்தொலைபேசிக்கு மின்னேற்றவென்றே செய்த சில வயர்களில் தகவல் கடத்தும் கம்பிகள் இல்லை. பலகையில் விளக்கு எரியும். கணினியோ பலகையைக் காணாது. பிள்ளை தன்னையே நொந்துகொள்ளும்.

ஆகவே முதலில் வயரை மாற்றிப் பாருங்கள். பின்னர், ஊனோ பலகையில் 13ஆம் முனையோடு இணைந்துள்ள சிறு விளக்கை விநாடி எரிந்து விநாடி அணையச் செய்யுங்கள். வெளியே எல்ஈடி பூட்டுவதாயின் 220 ஓம் தடையொன்றை இடையில் இட மறவாதீர்கள்.

பெரியோர்களே, பொறுமையிழந்து நீங்களே செய்து கொடுத்துவிடாதீர்கள். அந்த வயரையும் பிள்ளையே மாற்றட்டும்.