கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை

"உங்க பையன் பாடத்தைக் கவனிக்கிறதே இல்லைங்க, கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்கிறான்." பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிற புகார் இது. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பையனுக்குத் திட்டு விழும், சில வீடுகளில் அடியும் விழும். திட்டுவதற்கு முன்னால் அவனுக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று பாருங்கள்.

பிள்ளைக்குச் சளி பிடிக்கும்போது, மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழல் அடைத்துக்கொண்டு, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துவிடும். பல பிள்ளைகளுக்கு வலியோ காய்ச்சலோ இருக்காது. சத்தம் மட்டும் மங்கிக் கேட்கும். சளி போன பிறகும் அந்த நீர் வாரக்கணக்கில் தங்குவது உண்டு. கதவைத் தட்டினால் பிள்ளை திரும்பும், பாட்டுப் போட்டால் ஆடும். அதனால் நமக்குச் சந்தேகமே வராது. ஆனால் பேச்சில் ப, த, க போன்ற மெல்லிய ஓசைகள் அதற்குத் தப்பிப்போகும். டீச்சர் 'தட்டு' என்று சொன்னால் நோட்டில் 'பட்டு' என்று எழுதியிருக்கும். அப்படிப்பட்ட பிழைகள் முன் பெஞ்சில் உட்காரவைத்தால் குறைகிறதா என்று ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். குறைந்தால் காதைக் கட்டாயம் காட்ட வேண்டும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். பிள்ளைக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று, அதன் ஒரு காதை விரலால் மூடிக்கொண்டு, தெரிந்த சொற்களை ரகசியம் பேசுகிற குரலில் சொல்லுங்கள். திருப்பிச் சொல்லட்டும். பிறகு அடுத்த காது. தடுமாறினால் மருத்துவரிடம் போங்கள். அங்கே ஹெட்போன் மாட்டி, மெல்லிய 'பீப்' ஒலி கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொல்வார்கள். ஊசியும் இல்லை, வலியும் இல்லை.

குழந்தைகளுக்கு வரும் காது கேளாமையில் 60 சதவீதம் தடுக்கக்கூடிய காரணங்களால்தான் வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சீழ் வடியும் காதில் காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவதையும், குறும்பியை ஊக்காலும் ஹேர்பின்னாலும் குடைவதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். குடைந்தால் செவிப்பறை கிழிந்துபோகலாம்.

காது மங்கியதைச் சொல்லாதது போலவே, கால் வலியைப் பற்றியும் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. ஷூ கடித்தாலும் நொண்டிக்கொண்டே போவார்கள். 'வளர்கிற பிள்ளை' என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கினால் கால் உள்ளே வழுக்கிக் கொப்புளம் வரும். இறுக்கமாக இருந்தால் நகம் சதைக்குள் வளரும். சாயங்காலம், பிள்ளையை நிற்கவைத்து, இரண்டு பாதத்தையும் தாளில் வரைந்து, பெரிய பாதத்தின் அளவுக்கு வாங்குங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரங்களைத் தோண்டாதீர்கள்.

மழைக்காலத்தில் நனைந்த சாக்ஸோடு நாள் முழுக்க உட்கார்ந்தால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். சாக்ஸ் தினமும் மாற்ற வேண்டும். வெறுங்காலோடு திரிகிற பிள்ளைக்கு அசுத்தமான மண்ணிலிருந்து கொக்கிப்புழு பாதத்தின் தோல் வழியாகவே உடம்புக்குள் போய்விடும். அது ரத்தத்தை உறிஞ்ச, பிள்ளை சோர்ந்துபோய் வகுப்பில் தூங்கும். பள்ளியில் கொடுக்கிற குடற்புழு மாத்திரையைத் தவறாமல் போடச் சொல்வது இதற்காகத்தான்.

2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுவினர் அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறார்கள். அவர்கள் வரும் நாளில் பிள்ளையின் கையில் ஒரு சீட்டுக் கொடுத்து அனுப்புங்கள். எந்தக் காது, எத்தனை நாளாக, சீழ் வடிந்ததா, காலில் எங்கே வலி என்று எழுதினால் போதும். வகுப்பு முழுவதையும் பார்க்க வேண்டிய மருத்துவருக்கு உங்கள் பிள்ளையிடம் எதைப் பார்க்க வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும்.