உரலடியிலே பிறந்த பாட்டு

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய பேச்சு)



"அன்றாட வாழ்விலே ஆக்கமும் ஆத்மிகமும்" என்ற பொருள்பற்றிப் பேசும்படி எம்மைப் பணித்திருக்கிறார்கள். பொருளோ பெரிது, பேசுவோரின் வயதோ சிறிது. ஆகவே அப்பெரும் பொருளை முழுவதாகத் தூக்க முயலாமல், எம் கைக்கு எட்டிய ஒரு நூலைப் பற்றிக்கொண்டு அதன் வழியே நடக்க எண்ணுகின்றோம். அந்நூல் திருவாசகம்.

திருவாசகத்தை அறியாதவர் இச்சபையிலே இல்லை. ஆனால் எங்கே, எப்பொழுது அதைக் கேட்டு அறிந்தோம் என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். சிவபுராணத்தைப் பாடசாலையிலே மனனம் செய்தோம். மார்கழி விடியற்காலையிலே சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் திருவெம்பாவையைக் கேட்டோம். திருப்பொற்சுண்ணத்தை எங்கே கேட்டோம்? மரண வீட்டிலே கேட்டோம். முற்றத்துப் பந்தலின் கீழ் உரலும் உலக்கையும் வைத்துச் சுண்ணம் இடிக்கும் போது ஒருவர் ஏட்டைப் பார்த்துப் பாடுவார், பெண்கள் அழுவார்கள். எமது நாட்டுச் சைவ மக்களிலே பெரும்பாலோர்க்குத் திருப்பொற்சுண்ணம் என்றால் அந்தக் காட்சிதான். ஒரு மங்கல நாளிலே வீட்டுக்குள் நின்று அப்பதிகத்தை வாய்விட்டுப் பாடத் தொடங்கினால், "நிறுத்து பிள்ளை, இதென்ன பாட்டு இந்த நேரத்திலே" என்று பாட்டிமார் அதட்டாமல் இரார்.

அந்தப் பாட்டு எத்தகையது? முத்துமாலை தூக்குங்கள், முளைக்குடம் வையுங்கள், தூபமும் நல்விளக்கும் ஏற்றுங்கள் என்று தோழியர் ஒருவரையொருவர் அழைப்பதுடன் அது தொடங்குகின்றது. இறைவன் திருமஞ்சனம் ஆடுவதற்கு வாசனைப்பொடி இடிக்கவேண்டும். எல்லாரும் வாருங்கள், கூடி இடிப்போம் என்பதே இருபது பாட்டின் பொருளும். வளை ஒலிக்கின்றது, உலக்கை ஏறி இறங்குகின்றது, சிரிப்பும் கேட்கின்றது. திருவிழாவுக்கு ஆயத்தம் செய்யும் வீட்டின் ஆரவாரம் அது. அதிலே சாவு இல்லை.

மரணக் கிரியையிலே அதனைப் பாடுவது தவறென்று நாம் கூறவரவில்லை. உயிரைத் தலைவனிடம் அனுப்பும் நீராட்டுக்கும் அப்பாட்டையே கொண்டுவந்த முன்னோர் ஆழ்ந்து சிந்தித்தவர்கள். ஆனால் வாழ்கின்றவர் வேலை செய்துகொண்டே பாடிய பாட்டு, வாழ்கின்றவர் வாயை விட்டு நீங்கி, இறந்தவர்க்கு மட்டும் உரியதாய்விட்டதே, அதுதான் எம்மை உறுத்துகின்றது. ஆத்மிகம் என்ற பொருளையே இன்று நாம் அப்படித்தான் வைத்திருக்கின்றோம். அது கடைசிக் காலத்துக்கு உரியது. அல்லது கோயில் மதிலுக்கு உள்ளே உரியது. ஆக்கம் என்பது அவ்வாறே, பரிசு பெற்ற ஓர் எழுத்தாளருக்கோ மேடை ஏறிய ஒரு பாடகருக்கோ உரியது. நடுவிலே கிடக்கும் திங்கள் முதல் ஞாயிறு வரையிலான வாழ்க்கை எவருக்கும் உரியதன்று!

மணிவாசகர் அப்படி எண்ணவில்லை. திருவாசகத்தின் ஐம்பத்தொரு பகுதிகளிலே ஏழாவது முதல் பதினாறாவது வரையுள்ள பத்தையும் எடுத்துப் பாருங்கள். திருவெம்பாவை, நீராடப் போகும் பெண்கள் பாட்டு. திருவம்மானை, காய்களை எறிந்து பிடித்து விளையாடுவோர் பாட்டு. பொற்சுண்ணத்தைச் சொன்னோம். திருக்கோத்தும்பி, வண்டைப் பார்த்துப் பாடுவது. திருப்பூவல்லி, பூக்கொய்யும் போது பாடுவது. திருப்பொன்னூசல், ஊஞ்சல் ஆடும் போது பாடுவது. தெள்ளேணம், சாழல், உந்தியார், தோணோக்கம் என்பனவும் மகளிர் விளையாட்டுக்களே. நூலிலே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு முற்றத்திலும் குளத்தடியிலும் பூந்தோட்டத்திலும் நிற்கின்றது.

பாடியவர் யார்? பாண்டியனுக்கு மந்திரியாய் இருந்தவர் என்று திருவாதவூரர் புராணம் கூறுகின்றது. அரசவைக்கு ஏற்ற கடுநடை அவர்க்கு வாராதது அன்று. திருவாசகத்தின் தொடக்கத்திலுள்ள நெடிய அகவல்களைப் படிப்போர் அதனை அறிவர். அத்தகையவர் தாம் பெற்ற மிக உயர்ந்த அநுபவத்தைச் சொல்லப் புதிய அளவை எதையும் தேடவில்லை. அம்மானைக் காயையும் உலக்கையையும் எடுத்துக்கொண்டார். எழுத்தறியாத ஒரு பெண்ணுக்கும் அந்த ஓசை முன்னமே தெரியும். கை வேலையை அறியும். வாய் ஓசையை அறியும். இரண்டுக்கும் நடுவே அவர் சிவத்தை வைத்தார். இதற்கு மேலான ஆக்கத்தை நாம் அறியோம். அவர் புதிதாய்ச் செய்தது சிறிது. இருந்ததைப் புதிதாய்க் கண்டது பெரிது.

இங்கே எம்மைப் போன்றோர்க்கு நெருங்கிய ஒரு செய்தியையும் சொல்லிவிடுகின்றோம். மிஷன் பாடசாலையிலே படித்த பிள்ளைகளுக்குத் திருவாசகம் சில வேளை ஆங்கில வாயிலாகவே முதலிலே கிடைக்கின்றது. கிறிஸ்தவ குருவாய் இருந்த போப்பையர் தம் எண்பதாம் வயதிலே, 1900ஆம் ஆண்டிலே, அதனை ஆங்கிலத்திலே வெளியிட்டார். நூல்நிலைய அலுமாரியிலே அப்புத்தகத்தைக் கண்ட பின்னரே, "இது எங்கள் வீட்டிலும் இருக்கின்றதே" என்று தமிழ் மூலத்தைத் தேடிப்போனவர் எம்மிற் பலர். அப்பாடசாலைகள் எமக்குச் செய்த வேறொரு நன்மையும் உண்டு. அங்கே எம்மைப் பார்த்து, "நீ எதை நம்புகிறாய்? ஏன் நம்புகிறாய்?" என்று கேட்டார்கள். அன்போடு கேட்டவரும் உண்டு. ஏளனமாய்க் கேட்டவரும் உண்டு. எம் வீட்டிலோ அக்கேள்வி ஒருபோதும் எழுந்ததில்லை. திருநீறு பூசினார்கள், கையைப் பிடித்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார்கள். பிள்ளையின் நெஞ்சிலே என்ன இருக்கின்றது என்று கேட்பார் இல்லை. விடையெல்லாம் வீட்டிலும் கேள்வியெல்லாம் பாடசாலையிலும் இருந்தால் பிள்ளை என்ன செய்யும்?

திருச்சாழலைப் படித்த போது இந்த இடர் எமக்குத் தெளிந்தது. சாழல் இருவர் விளையாட்டு. ஒருத்தி குறை சொல்கின்றாள்: உங்கள் கடவுள் ஏன் சாம்பல் பூசுகின்றான்? பாம்பை ஏன் அணிகின்றான்? சுடுகாடு தானா அவனுக்குக் கோயில்? மற்றவள் ஒவ்வொன்றுக்கும் விடை கூறுகின்றாள். இருபது பாட்டும் இப்படியே. குறை சொன்னவளை எவரும் அடக்கவில்லை. அவள் பாதியைப் பாடினால் அல்லவா மற்றப் பாதி பிறக்கும்? ஐயத்தையே பாட்டின் முதற் பாதியாக்கிவிட்டார் மணிவாசகர்.

இப்பாட்டுக்கும் எமது நாட்டுக்கும் ஒரு தொடர்பு சொல்லப்படுகின்றது. ஈழத்து அரசன் ஒருவன் பேச இயலாத தன் மகளோடு தில்லைக்குச் சென்றான் என்றும், அங்கு நடந்த வாதத்தின் முடிவிலே மணிவாசகர் கேள்விகளை அக்குழந்தையிடமே விடுத்தார் என்றும், அவள் வாய் திறந்து விடை சொன்னாள் என்றும், அவையே சாழலாயின என்றும் புராண மரபு கூறும். அக்கதையிலே எந்தச் சமயம் வென்றது, எது தோற்றது என்பதைப் பிடித்துக்கொண்டு மகிழ்வோர் உளர். பல சமயத்தவரும் அடுத்தடுத்து வாழும் இந்நாட்டிலே அம்மகிழ்ச்சி எமக்கு வேண்டாம். எமக்குப் பெரிதாய்த் தோன்றுவது, ஆசிரியர் தாமே விடை சொல்லாமல் பிள்ளையைக் கொண்டு சொல்லுவித்தார் என்பதே. ஊமையாய் இருந்தவள் பேசிய முதற் சொல், அவளைக் கேட்ட கேள்விக்கு அவளே கண்ட விடை. தன்னை அறிதல் என்று பெரியோர் கூறுவதும், ஆக்கம் என்று நாம் கூறுவதும் அங்கே வேறு வேறாக இல்லை.

இப்படிக் கேள்வியையும் வேலையையும் ஒருங்கே சுமந்த ஒருவர் எமக்கு அண்மைக் காலத்திலும் இருந்தார். 1892ஆம் ஆண்டு காரைதீவிலே பிறந்த மயில்வாகனனார் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் மிஷன் பாடசாலைகளிலே படித்தவர். விஞ்ஞானப் பட்டதாரி, மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரும் ஆவார். 1924ஆம் ஆண்டு துறவு பூண்டு விபுலாநந்தர் ஆனார். துறவு பூண்டபின் குகைக்குள் போய்விடவில்லை. பாடசாலைகளை மேற்பார்த்தார், பத்திரிகை நடத்தினார், பல்கலைக்கழகங்களிலே தமிழ் கற்பித்தார். அவ்வேலைகளுக்கு இடையிலேதான், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே மறைந்து கிடந்த பழைய யாழ்களைத் தம் கணித அறிவு கொண்டு வருடக்கணக்காய் ஆராய்ந்தார். யாழ் நூல் 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலிலே அரங்கேறியது; அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். ஓய்வு கிடைத்த பின் செய்வோம் என்று அவர் காத்திருந்தால் அந்நூல் எமக்குக் கிடைத்திராது.

இனி எமது காலத்துக்கு வருவோம். வீட்டிலே உரல் இல்லை. மா ஆலையிலே அரைபடுகின்றது. ஊஞ்சல் சித்திரைப் புதுவருடத்துக்கு மட்டும் கட்டப்படுகின்றது. அம்மானையைப் பரிசளிப்பு விழா மேடையிலே, பட்டுப் பாவாடை உடுத்திய சிறுமியர் ஒலிநாடாவுக்கு ஏற்ப ஆடக் காண்கின்றோம். அழகாய்த்தான் இருக்கின்றது. ஆனால் கையிலே காய் இல்லை. காய் இருப்பதுபோலப் பாவனை. எமது சிந்தையிலும் அப்பாவனை புகுந்துவிட்டதோ என்று ஐயுறுகின்றோம். தேவாரப் போட்டிக்காகத் தேவாரம் படிக்கின்றோம். போட்டி முடிந்த மறுநாள் மறக்கின்றோம். இந்துநாகரிக பாடத்துக்குச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நாலையும் குறிப்பெடுத்து எழுதுகின்றோம், புள்ளியும் கிடைக்கின்றது. ஆனால் சரியை என்பது விளக்குமாறும் தண்ணீர் வாளியும் என்பதை அக்குறிப்பு எமக்குச் சொல்வதில்லை. திருநாவுக்கரசு நாயனார் கையிலே உழவாரம் இருந்தது. அவர் புல்லைச் செதுக்கிய கையும் பதிகம் பாடிய வாயும் ஒருவருடையவை. நாமோ சிரமதானம் செய்கின்றோம், வாளியோடு நின்று படம் எடுத்துக்கொள்கின்றோம், வீடு திரும்புகின்றோம்.

"படிப்பும் உத்தியோகமும் போக நேரம் எங்கே?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ரியூசனுக்குப் போய்வந்து, பஸ்ஸுக்கு நின்று, இரவு எட்டு மணிக்கு வீடு சேருபவனிடம், தனியே ஒரு மணி நேரம் தியானம் செய், கவிதை எழுது என்று சொல்வது கொடுமை. ஆனால் சுண்ணம் இடித்த பெண்ணுக்கும் நேரம் இருக்கவில்லை. அவளுக்கு வேலைதான் இருந்தது. வேலையின் தாளமே பாட்டாயிற்று. பஸ் பயணத்துக்கு இதுவரை எவரும் அம்மானை பாடவில்லை. மணித்தியாலக்கணக்கில் நாம் அதிலே தானே இருக்கின்றோம்! சமையல் அறையிலே தாயோடு தேங்காய் திருவும் மகனுக்கு ஒரு பாட்டு இல்லை. (மகன் திருவுகின்றானா என்று சகோதரிகள் சிரிப்பது கேட்கின்றது, அதையும் பாட்டிலே வைக்கலாம்.) பழைய பாட்டை அருங்காட்சிப் பொருளாகக் காப்பதைக் காட்டிலும், மணிவாசகர் செய்த செயலை, அதாவது கையிலுள்ள வேலையை எடுத்து அதற்குள்ளே உள்ளதைத் தேடும் செயலை, எம் காலத்திலே செய்து பார்ப்பது அவருக்குக் கூடிய மரியாதை என்பது எமது எண்ணம். வருவது நல்ல பாட்டாய் இராது. முதல் நூறு பாட்டும் நன்றாய் இரா. அதனாலே என்ன? மேடைக்காக அன்றே பாடுகின்றோம்.

பெரியோர்களே, உங்களிடம் எமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. புராணபடனம் நடக்கும் கோயில்களிலே ஒருவர் செய்யுளை வாசிக்க மற்றொருவர் பயன் சொல்வதை நாம் கேட்டிருக்கின்றோம். பயன் சொல்பவர் ஏட்டிலே இல்லாததையும் சொல்வார். ஊர் நடப்பைச் சேர்ப்பார். கேட்போர் முகத்தைப் பார்த்துக் கதையை நீட்டுவார், குறுக்குவார். அது நீங்கள் வளர்த்த கலை. அக்கலையோடு கேள்வியையும் சேர்த்துத் தாருங்கள் என்று கேட்கின்றோம். சங்கத்திலே வெள்ளிதோறும் கூட்டுப் பிரார்த்தனை நடக்கின்றது. அது முடிந்ததும் பிரசாதத்தைப் பெற்றுக்கொண்டு கலைந்துவிடுகின்றோம். மாதத்திலே ஒரு வெள்ளியாவது கலையாமல் இருந்து சாழல் நடத்துவோம். இளையோர் தம் நெஞ்சிலுள்ள ஐயத்தை அஞ்சாமல் கேட்கட்டும்: இவ்வளவு துன்பம் கண்ட மண்ணிலே கடவுள் எங்கே இருந்தார் என்று ஒருவன் கேட்கக்கூடும், கோயில் வாசலிலே ஒருவரை ஏன் மறித்தார்கள் என்று ஒருத்தி கேட்கக்கூடும். "அப்படிக் கேட்கக் கூடாது" என்ற ஒரு விடையை மட்டும் விலக்கிவைத்து, வேறு எந்த விடையை நீங்கள் தந்தாலும் பணிந்து கேட்போம். உங்களுக்கு விடை தெரியாத இடத்திலே, அந்தக் குழந்தையிடம் விட்டதுபோல எங்களிடமே விட்டுவிடுங்கள்.

திருப்பொற்சுண்ணத்தையும் அந்நாளிலே சங்க மண்டபத்திலே வாய்விட்டுப் பாட எண்ணியிருக்கின்றோம். பாட்டிமார் அதட்டினால் அவர்களையே உலக்கை பிடிக்க அழைப்போம். உரல் ஒன்று வேண்டும். எவர் வீட்டிலாவது கிணற்றடியிலே கிடந்தால் செயலாளரிடம் அறிவிக்கவும். வரும் மாதம் முதல் வெள்ளிக்குக் கேள்வி கேட்க ஒருவரும் விடை சொல்ல ஒரு பெரியவரும் பெயர் தரவேண்டும். கேட்பவர் பெயர் இன்று மாலையே எழுதப்பட்டுவிட்டது. பெரியவர் பெயருக்கு இடம் விட்டிருக்கின்றோம்.