எட்டாவது அதிசயத்தின் முதுமை



ஓர் ஊரிலே பொதுமண்டபம் எழுந்தால், அதன் திறப்பு விழாவுக்கு ஊரெல்லாம் திரளும். ஐம்பது ஆண்டு கழிந்து அதன் கூரை ஒழுகும்போது பொறுப்பேற்க முன்வருவோர் எத்தனை பேர்? இக்கேள்வியை உள்ளத்திற் கொண்டு, ஐக்கிய அமெரிக்காவிலே, ரெக்சஸ் மாநிலத்து ஹூஸ்ரன் நகரிலுள்ள அஸ்ரோடோம் என்னும் விளையாட்டரங்கின் வரலாற்றை நோக்குவோம்.

ஹூஸ்ரன் வெப்பமும் ஈரமும் நுளம்பும் மலிந்த நகரம். அங்கே கோடைகாலத்தில் திறந்த வெளியிலிருந்து பேஸ்போல் ஆட்டம் பார்ப்பது தவத்திற்கு ஒப்பாகும். மைதானம் முழுவதையும் கூரையால் மூடிக் குளிரூட்டும் திட்டத்தை, அந்நகரின் முன்னாள் முதல்வரான ரோய் ஹொஃபைன்ஸ் முன்னின்று நடத்தினார். 1965ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 9ஆம் திகதி அரங்கு திறக்கப்பட்டது. இடையிலே ஒரு தூணேனும் இன்றி 642 அடி அகலத்துக்குக் கவிந்த அக்குவிமாடத்தை, உலகின் எட்டாவது அதிசயம் என்று போற்றினர்.

அதிசயத்திற்கும் இடையூறு நேர்ந்தது. கூரையில் அமைந்த ஒளிபுகு பலகைகள் கண்ணைக் கூசச் செய்தமையால், உயரே எழுந்த பந்தைக் காணாது ஆட்டக்காரர் தடுமாறினர். பலகைகளுக்கு வர்ணம் பூசினர்; கூச்சம் குறைந்தது; ஆனால் வெயிலின்றிப் புல் மடிந்தது. அதனால் 1966ஆம் ஆண்டிலே செயற்கைப் புல் விரிக்கப்பட்டது. இன்று உலகெங்கும் மைதானங்களிற் காணப்படும் அவ்வகைப் புல் புகழ்பெற்றது அங்கேதான்.

ஒரே அரங்கு பல ஆட்டங்களுக்கு இடமளிக்கும் வண்ணம், கீழ்வரிசை ஆசனங்கள் நகர்த்தத்தக்கனவாய் அமைந்திருந்தன. 1968இல் அங்கு நடந்த பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்டம் ஒன்றை 52,000 பேருக்கு மேல் கண்டனர். 1973இல் பில்லி ஜீன் கிங் என்னும் வீராங்கனை, பொபி றிக்ஸ் என்பவரை டெனிஸ் ஆட்டத்தில் வென்றதும் அங்கேதான்.

ஆயினும் எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்றுக்கும் முற்றாகப் பொருந்துவதில்லை. அமெரிக்க உதைபந்தாட்டக் குழுவினர் கூடுதலான ஆசனங்களைக் கோரினர். அவர்களுக்காக, அரங்கின் பெருமையாய் விளங்கிய மாபெரும் புள்ளிப்பலகை அகற்றப்பட்டு, 1989இலே புதிய ஆசனங்கள் அமைக்கப்பட்டன. அப்படியிருந்தும் 1996ஆம் ஆண்டுப் பருவத்தின் பின் அக்குழுவினர் வேறு மாநிலம் சென்றனர். 1999இன் முடிவில் பேஸ்போல் குழுவினரும் தமக்கெனக் கட்டப்பட்ட தனி மைதானத்துக்கு நீங்கினர்.

கைவிடப்பட்ட அவ்வரங்கு 2005ஆம் ஆண்டிலே மீண்டும் பயன்பட்டது. கத்ரினா சூறாவளியால் நியூ ஓர்லியன்ஸ் நகரில் வீடிழந்த ஆயிரக்கணக்கானோர் அக்கூரையின் கீழ் தஞ்சம் புகுந்தனர். வேடிக்கைக்கென எழுந்த மண்டபம் துயருற்றோரின் இல்லமாயிற்று. அது கண்ட திருவிழாக்கள் அனைத்தினும் மேலான பணி இதுவெனலாம்.

எனினும் 2008இலே, பாதுகாப்பு விதிகளுக்கு அமையவில்லை என அது மூடப்பட்டது. அதனைப் பொருட்காட்சி மண்டபமாக மாற்றுவதற்கு 21 கோடியே 70 இலட்சம் டொலர் கடன் பெறும் திட்டத்தை, 2013இல் வாக்காளர் நிராகரித்தனர். அடுத்த ஆண்டிலேயே அது தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இடம்பெற்றது. 2017இல் மாநிலச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடைத்தது. பழுதுபார்க்கப் பணமில்லை, இடித்தெறிய மனமுமில்லை.

நேயர்களே, கட்டடம் எழுப்புவோருக்கு மாலையும் கல்வெட்டும் உண்டு. ஒழுகும் கூரையை அடைப்போருக்கு அவை இல்லை. பொதுச்சொத்தொன்றுக்கு அடிக்கல் நாட்டும் அன்றே, அதன் முதுமைக்கும் ஒரு பங்கு ஒதுக்கி வைப்பதே அறிவுடைமை.